வாசிப்பு சவால் - தறிக்குழி எடிஷன்

டிசம்பர் கடைசி வாரம் வந்தா போதும், நம்ம மக்களுக்கு ஒரு ஜுரம் அடிக்க ஆரம்பிச்சிடும். ஜிம், டயட், காலைல அஞ்சு மணிக்கு வாக்கிங், அப்புறம் முக்கியமா "இந்த வருஷம் அம்பது புத்தகம்". குட்ரீட்ஸ்காரன் 2011லேர்ந்து இதுக்குன்னே ஒரு சவால் வெச்சிருக்கான். ஜனவரி ஒண்ணாம் தேதி நாம ஒரு நம்பர் கொடுக்கணும். மார்ச் மாசம் "நீங்க திட்டத்துக்கு நாலு புத்தகம் பின்னாடி இருக்கீங்க"ன்னு அது சொல்லும். இதைக் கேட்கத்தான் ஆபீஸ்ல ஸ்டாண்டப் மீட்டிங்னு ஒண்ணு தினமும் நடக்குதே, வீட்டுக்கு வந்தும் கேட்கணுமா? :-)

தமிழ்லயும் ஒரு பெரிய சவால் உண்டு. காரைக்குடியில ஆயுர்வேத டாக்டரா இருக்கிற எழுத்தாளர் சுனில் கிருஷ்ணன் (அம்பு படுக்கை தொகுப்புக்காக 2018ல யுவ புரஸ்கார் வாங்கினவர்) ஆரம்பிச்ச ஆயிரம் மணி நேர வாசிப்பு. எத்தனை புத்தகம்னு எண்ணாம எத்தனை மணி நேரம்னு எண்ணுறது எனக்கு ரொம்பப் பிடிச்சது. புத்தகத்தை எண்ணினா ஒல்லி ஒல்லியா பார்த்து எடுக்கத் தோணும். நேரத்தை எண்ணினா அந்தக் கள்ளத்தனத்துக்கு வழி இல்ல. ஆனா கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 2 மணி 44 நிமிஷம் வருது. வாரத்துல மூணு நாள் வாலாஜாபாத்லேர்ந்து செங்கல்பட்டு வழியா ரயில்ல சென்னை போய் ஆணி புடுங்கிட்டு வர்ற ஆளுக்கு இது ஆவற காரியமா? ரயில்ல உட்கார இடம் கிடைச்சா யோசிக்கலாம்.

அதனால எனக்குத் தோதா ஒரு சவாலை நானே தச்சுக்கிட்டேன். வர்ற வருஷம் தினமும் ராத்திரி எட்டரைலேர்ந்து ஒன்பது வரைக்கும் அரை மணி நேரம். அதுவும் சத்தமா. கேட்கிறவர் எங்க அப்பா.

அப்பா முப்பத்தஞ்சு வருஷம் குழித்தறியில உட்கார்ந்தவர். பட்டுதான். கோர்வை போட்ட சேலைன்னா அவர்தான்னு எங்க தெருவுல ஒரு பேர் இருந்தது. தெரியாதவங்களுக்கு: கோர்வைங்கிறது உடம்பையும் கரையையும் தனித்தனி நாடாவால நெஞ்சு, ஒவ்வொரு இழையிலயும் கோத்துக்கிட்டே போறது. மூணு நாடா ஓடும், கரைப்பக்கம் நாடா தள்ள ஒரு ஆள் கூட உட்காரணும். ஸ்கூல் விட்டு வந்ததும் அந்த ஆள் நான்தான். சக்கரை அப்பாவோட கண்ணு நரம்பைப் பிடிச்சிருச்சு. லேசர் வெச்சாங்க, ஊசி போட்டாங்க. இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம், போனது திரும்பாதுன்னு டாக்டர் தெளிவா சொல்லிட்டாங்க. முகம் தெரியும், டிவி நிழலாட்டம் தெரியும், எழுத்து தெரியாது. ரெண்டு வருஷம் முன்ன தறியைப் பிரிச்சாச்சு. குழி மேல பலகை போட்டு இப்ப அரிசி மூட்டை வெச்சிருக்கோம்.

தறி போனதை விட பேப்பர் போனதுதான் அவருக்கு வலி. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு, ஆனா கிளை நூலகத்துல சாண்டில்யன் ஒண்ணு விடாம படிச்சவர். வீட்டு வரியோட ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுறோமே, எங்க வீட்டுப் பங்கை வட்டியோட வசூல் பண்ணின ஒரே ஆள் அவர்தான். இப்ப காலைல பேப்பர் வந்ததும் கையில வாங்கி மடிச்சு மடியில வெச்சுக்குவார். நான் எழுந்து வந்து தலைப்பு படிக்கிற வரைக்கும் ஒண்ணும் கேட்க மாட்டார். அது எனக்குத் தாங்கல.

"ஆடியோ புக் போட்டுக் கொடுக்க வேண்டியதுதானே?"ன்னு ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டான். போட்டுக் கொடுத்தேனே! பொன்னியின் செல்வன், நல்ல குரல், பின்னணி இசை எல்லாம் இருந்தது. மூணாம் நாள் ஹெட்போனைக் கழட்டி வெச்சிட்டார். "அது நிக்காம போயிட்டே இருக்குடா. நடுவுல ஒரு சந்தேகம் கேட்டா பதில் சொல்லுதா அது?"

சரி, சாஃப்ட்வேர் ஆளாச்சே, நேரா புரொடக்‌ஷன்ல இறக்கக் கூடாதுன்னு டிசம்பர்லயே ஒரு சோதனை ஓட்டம் விட்டேன். புத்தகம் தொ.மு.சி. ரகுநாதனோட பஞ்சும் பசியும். 1953ல வந்த நாவல், செக் மொழிக்கெல்லாம் போனது. நூல் தட்டுப்பாட்டுல நெல்லைச் சீமையோட கைத்தறிக்காரங்க பட்ட பாடுதான் கதை. நெசவாளிக்கு நெசவாளி கதை, பிடிக்கும்னு என் கணக்கு. முதல் நாள் பத்து நிமிஷத்துலயே நிறுத்தினார்.

"அவங்க பருத்திடா. நாம பட்டு. அந்தப் பாவே வேற."

போச்சுடா, முதல் பாலே அவுட்டுன்னு நினைச்சேன். ஆனா "மேல படி"ன்னார். அப்புறம் தினமும் பாதி நேரம் வாசிப்பு, பாதி நேரம் விளக்கம். கஞ்சி போடுறது எப்படி, தெருவுல பாவு கட்டி நீட்டும்போது மழை வந்தா என்ன பண்ணுவாங்க, நூல் கிடைக்காத வருஷங்களைப் பத்தி தாத்தா சொன்னது என்னன்னு. இருபத்தெட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன், இதுல பாதி எனக்குத் தெரியாது. கேட்கணும்னு தோணினதும் இல்ல, அவர் சொன்னதும் இல்ல.

ஒரு நாள் நானும் பதிலுக்கு என் சரக்கை எடுத்து விட்டேன். ஜக்கார்டு பெட்டியில அவர் போட்ட ஓட்டை அட்டை இருக்கே, அதே ஐடியாவைத்தான் பிரான்ஸ்ல 1804ல ஜக்கார்டுங்கிறவர் தறிக்குக் கொண்டு வந்தார், அதைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு மிஷினுக்கு அட்டை வெக்க நினைச்சார், அந்த வழியில வந்ததுதான் என் பொழப்புன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்ப எனக்குப் பேரன் முறை வேலைதான் நீ பார்க்கிறது"ன்னார். அம்மா சமையக்கட்டுலேர்ந்து சிரிச்சாங்க.

இனி நம்பர். சோதனையில அளந்ததுல, பேச்சு, தண்ணி, அம்மாவோட குறுக்குக் கேள்வி எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ரெண்டரை நிமிஷம் ஆகுது. அரை மணிக்குப் பன்னெண்டு பக்கம். முந்நூறு பக்க நாவல்னா 25 நாள், மாசத்துக்கு ஒண்ணு. அழகா வருது இல்ல? எக்செல்ல பச்சை கலர் எல்லாம் அடிச்சு வெச்சேன். அப்பா ஒரே வார்த்தையில அதைக் கவுத்தார். "சிவகாமியின் சபதம் வேணும்."

நியாயமான ஆசைதான். கல்கி 1944லேர்ந்து தொடரா எழுதினது, கதை நடக்கிற ஊரு காஞ்சிபுரம். எங்களுக்கு பஸ்ல போற தூரம். காசுக்கும் பிரச்சனை இல்ல, கல்கி எழுத்து நாட்டுடைமை ஆகியாச்சு, 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல சும்மாவே இறக்கிக்கலாம். பிரச்சனை நீளம். நாலு பாகம், சுமார் ஆயிரம் பக்கம்னா 83 நாள். நல்ல வேளை பொன்னியின் செல்வன் கேட்கலை. அதுக்கு இதே வேகத்துல ஏழு மாசம் ஆகும்!

ஆக பன்னெண்டு புத்தகம்ங்கிற கணக்கு காலி. இப்போதைக்கு இப்படி: ஜனவரியில பஞ்சும் பசியும் மிச்சம். பிப்ரவரி எம்.வி. வெங்கட்ராமோட வேள்வித் தீ. இவர் கும்பகோணத்துல பட்டு ஜரிகை வியாபாரமே பண்ணினவர், 1993ல காதுகள் நாவலுக்கு சாகித்ய அகாதமி வாங்கினவர். அப்பாவுக்கு இந்தத் தகவல்ல முதல் பாதிதான் முக்கியமா பட்டது, "ஜரிகைக்காரங்களா? அப்ப நம்மாளுதான்." மார்ச்லேர்ந்து மே வரைக்கும் சிவகாமி. ஜூன் கரிசல்காட்டுக்கு, கி.ரா.வோட கோபல்ல கிராமம். அசோகமித்திரனோட தண்ணீர் சின்னதுதான், கோடைக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும், ஆனா சிவகாமி வழி விட மாட்டாங்க. அது ஜூலை.

விதின்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு நாள் விட்டுப்போனா மறுநாள் ரெட்டிப்பா படிக்கிறது கிடையாது. எனக்கு ரிலீஸ் இருக்கிற ராத்திரி தங்கச்சி படிப்பா. அம்பது பக்கத்துக்கு மேல அப்பாவுக்குப் பிடிக்கலைன்னா அந்தப் புத்தகம் ரத்து, எனக்குப் பிடிச்சிருந்தா நான் ரயில்ல முடிச்சுக்குவேன். நூலகத்துல கிடைக்காததை மட்டும் ஜனவரியில நந்தனம் புத்தகக் கண்காட்சியில வாங்கறது. அங்க போய் பட்ஜெட்டோட திரும்பின மனுஷன் யாராவது இருந்தா கையைத் தூக்குங்க.

பெரிய பயம் ஒண்ணு இருக்கு. ஆகஸ்ட் மாசத்துக்கு அப்பா கடல் புறா கேட்டிருக்கார். மூணு பாகம்கிறது கூடப் பரவாயில்ல. சாண்டில்யன் கதாநாயகியை வர்ணிக்க ஆரம்பிச்சா ஒண்ணு ரெண்டு பக்கத்துல நிறுத்துற ஆளா அவரு? அதை நான் சத்தமா, அப்பா எதிர்ல, அம்மா சமையக்கட்டுல கேட்க, படிக்கணும். தாவிப் போகவும் முடியாது, அவருக்கு அது மனப்பாடம்.

செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் கட்டம் காலியா இருக்கு. நானூறு பக்கத்துக்குள்ள, சத்தமா படிச்சா நாக்கு சுளுக்காத நடையில, முடிஞ்சா ஏதாவது ஒரு கைத்தொழில் வர்ற மாதிரி புத்தகம் தெரிஞ்சா சொல்லுங்க மக்கா. வர்ணனை கம்மியா இருந்தா ரொம்ப நல்லது :-)