கடைசிப் படியிலிருந்து

மேல்மலையனூருக்கு அமாவாசை ஊஞ்சல் பார்க்க வந்த பெரியம்மா, காதைப் பொத்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கர்ப்பப்பையை எடுத்துடும்மா. உனக்கும் நிம்மதி."

மகளுக்கு 13 வயது. ஆட்டிசம். பேசுவது ஐந்தாறு சொற்கள்தான்.

1994இல் புனேயில், அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்கள் பலரின் கருப்பையை அகற்றினார்கள். சொன்ன காரணம் மாதவிடாய்ச் சுத்தம். பெண்கள் அமைப்புகள் எதிர்த்துப் போராடின. இன்று, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 10, ஒருவரின் சம்மதமில்லாமல் கருவுறும் தன்மையைப் போக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. ஆனால் நாப்கின் மாற்றச் சட்டம் கற்றுத்தராது.

நான் கடைசிப் படியிலிருந்து தொடங்கினேன். நாப்கினை ஒட்டி, ஜட்டியை முழங்கால்வரை ஏற்றிவிடுவேன். மேலே இழுத்துக்கொள்வது மட்டும் அவள் வேலை. அது பழகியதும் ஒட்டுவது. பிறகு பழையதைத் தாளில் சுருட்டுவது. குளியலறைச் சுவரில் ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். மாதத்தில் நான்கைந்து நாள் பயிற்சி போதாதென்று, மற்ற நாட்களில் சிவப்புச் சாயம் தொட்டுப் பழக்கினேன். அவள் அப்பா கடையில் வாங்கி வரவும், கதவுக்கு வெளியே நிற்கவும் பழகினார். 11 மாதமானது.

அடுத்த முறை பெரியம்மா வந்தபோது குளியலறை தாழிட்டிருந்தது.

"புள்ளைகூட யாரு போயிருக்கா?"

"யாரும் இல்ல பெரியம்மா."