ஒரு பட்டத்தின் விலை

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கையில், நான்கு ஆண்டுகளாக எங்களிடம் பலரும் ஒரே வினாவைத்தான் எழுப்பி வந்தனர்: "மகள் என்ன படிக்கிறாள்?" செவியியல், பேச்சு-மொழி நோயியல் இளநிலைப் பட்டம் என்று நாங்கள் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த வினா வந்துவிடும்: "அதில் என்ன வருமானம் வரும்?" முதல் வினாவுக்கு எங்களிடம் விடை இருந்தது. இரண்டாவதற்கு இல்லாமையால், "இறைவன் பார்த்துக்கொள்வார்" என்று கூறி நகர்ந்துவிடுவோம். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் நாங்கள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் அவரிடம் தள்ளிவிட்டோம்.

2019-இல் அவள் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் போதவில்லை, பொறியியலில் மனமில்லை. இப்படி ஒரு படிப்பு இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. மைசூரில் 1965-ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இயங்கி வருவதையும் அவள் சொல்லித்தான் அறிந்தோம். அங்கு இடம் கிடைத்திருந்தால் செலவு குறைந்திருக்கும், கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து வங்கியில் நாலரை இலட்சம் ரூபாய் கல்விக்கடன் பெற்றோம். ஏழரை இலட்சம் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பதில்லை என்று மேலாளர் சொன்னபோது மகிழ்ந்தோம். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றதும் மகிழ்ச்சி இரட்டிப்பாயிற்று. அக்காலத்திலும் வட்டி உறங்குவதில்லை என்பதை 2024-இல்தான் உணர்ந்தோம். கணக்குப் புத்தகம் 6 இலட்சத்து 30 ஆயிரம் காட்டியது. பத்தாண்டுத் தவணையில் மாதம் 8,300 ரூபாய்க்குச் சற்று மேல்.

படிப்பைப் பற்றி ஒரு சொல். மூன்றாண்டு வகுப்பு, ஓராண்டு உள்ளகப் பயிற்சி. காது கேட்கும் விதம், குரல்வளையின் அமைப்பு, பக்கவாதத்தில் பேச்சிழந்தவரை மீண்டும் பேசவைத்தல், திக்குவாய், அன்னப்பிளவு என்று அது விரிந்துகொண்டே போகிறது. முடித்தவர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்துகொண்டு உடனே தொழில் செய்யலாம். இந்த "உடனே" என்ற சொல்லின் அருமையை அமெரிக்காவில் வாழும் உறவினர் ஒருவர் எங்களுக்கு உணர்த்தினார். அவருடைய மகளும் இதே துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவள். அங்கே அப்பட்டம் வாயிற்படி மட்டுமே. பேச்சுச் சிகிச்சையாளர் ஆவதற்கு முதுநிலைப் பட்டமும் அதன்பின் மேற்பார்வையின்கீழ்ப் பணியும் வேண்டும். செவியியலுக்கோ முனைவர் நிலைப் பட்டமே வேண்டும். அதையெல்லாம் கடந்தால் வருமானம் உண்டு. பேச்சுச் சிகிச்சையாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2023-இல் 89,290 டாலர் என அந்நாட்டு அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது. கடக்காதவர்கள் உதவியாளராகவோ வேறு வேலையிலோ அமர்கிறார்கள். நம் நாட்டில் கதவு விரைவில் திறக்கிறது. உள்ளே வைத்திருக்கும் தட்டுதான் சிறியது.

எங்கள் மகளுக்கு முதலில் கிடைத்தது திருச்சியில், செவித்துணைக் கருவி விற்கும் கடை ஒன்றில் வேலை. மாதம் 26,000 ரூபாய். கருவி விற்றால் அதற்கு மேல் ஊக்கத்தொகை. மாதந்தோறும் இத்தனை கருவி விற்றாக வேண்டும் என்ற இலக்கும் உண்டு. நேர்காணலில் இலக்கைப் பற்றி எவரும் பேசவில்லை.

ஐந்தாம் மாதத்தில் ஒரு முதியவர், மகன் அனுப்பிய பணத்தோடு, இரு காதுகளுக்கும் கருவி வாங்க வந்தார். இவள் காதுக்குள் ஒளியிட்டுப் பார்த்தாள். இரண்டிலும் குறும்பி இறுகி அடைத்திருந்தது. முதலில் காது மருத்துவரிடம் சென்று அதை நீக்கிவிட்டு வாருங்கள் ஐயா, அதன்பின் சோதித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டாள். அவர் திரும்பி வரவேயில்லை. அன்று மாலை கடைப் பொறுப்பாளர் அவளிடம் பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை.

அதைவிட எழுதக் கூசுவது, அன்றிரவு நாங்கள் பேசியது. அழுதுகொண்டே அவள் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரிம்மா, ஆனால் தவணையை யார் கட்டுவது?" என்றோம். சிறிது நேரம் மறுமுனையில் ஒலியே இல்லை. பின்பு, "அப்பா, அவருடைய காதில் இருந்தது அழுக்கு. கருவி வாங்கிப் போட்டிருந்தாலும் கேட்டிருக்காது. இதைக் கண்டுபிடிக்கத்தானே அவ்வளவு பணம் கட்டினீர்கள்?" என்றாள். எங்களில் எவரும் விடை சொல்லவில்லை. மாத இறுதியில் வேலையை விட்டாள்.

இப்போது, செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான ஒரு மறுவாழ்வு நிலையத்தில் 18,000 ரூபாய்க்குப் பணிபுரிகிறாள். ஒருநாள் அங்கே சென்றிருந்தோம். உட்செவியில் கருவி பொருத்தப்பெற்ற நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அவள் எதிரே அமர்ந்திருந்தான். அக்கருவிக்கு நடுவண் அரசு 2014 முதல் ஆறு இலட்சம் ரூபாய் வரை உதவி வந்ததை நாங்கள் அறிவோம். கருவியைப் பொருத்திவிட்டால் பிள்ளை பேசிவிடும் என்றே நினைத்திருந்தோம். அது ஒலியை மட்டுமே கொண்டுவந்து சேர்க்கிறதாம். எந்த ஒலி அம்மா, எந்த ஒலி ஆடு என்பதை ஒருவர் அருகிருந்து மாதக்கணக்கில் கற்பிக்க வேண்டும். முக்கால் மணி நேரம் "பா" என்ற ஓர் எழுத்தோடு அவள் போராடியதைப் பார்த்தோம். ஓர் அமர்வில் ஒரு குழந்தை. ஒரு நாளில் ஏழெட்டுக் குழந்தைகள். அதற்குமேல் எவராலும் இயலாது. இத்தொழிலின் வருமானம் ஏன் மெல்ல ஏறுகிறது என்பது, வங்கி மேலாளர் விளக்காமலே எங்களுக்கு அங்கு விளங்கிற்று.

தவணையில் 5,000 ரூபாய் அவள் கட்டுகிறாள். எஞ்சியது எங்கள் ஓய்வூதியத்திலிருந்து போகிறது. முதுநிலைப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னும் இரண்டாண்டு. மைசூரில் இடம் கிடைக்குமானால் தாங்கலாம். இல்லையெனில் மீண்டும் அதே வங்கி, அதே மேசை. "வேண்டாம்" என்று சொல்ல இருமுறை வாயெடுத்து இருமுறையும் அடக்கிக்கொண்டோம்.

எங்கள் இருவரில் ஒருவருக்கு இடக்காது சில ஆண்டுகளாக மந்தம். யாருக்கு என்பது வீட்டு இரகசியமாக இருக்கட்டும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவள் அடுக்களை நாற்காலியில் அமரவைத்துக் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். கட்டணம் எவ்வளவு என்று கேட்டோம். "தவணையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றாள்.