தூசு போன பிறகுதான் தண்ணீர்

கழுவுவதற்கு முன் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கிறார்கள். பதோஹி நகரத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கழுவுமுற்றத்தில் நான் முதலில் பார்த்த வேலை அதுதான். யாரோ ஒருவர் வீட்டிலிருந்து சுத்தம் செய்ய வந்த பழைய கம்பளம் அது. விரல் புதையும் அளவுக்கு நீண்ட இழைகள். மேலே பார்த்தால் அழுக்கே தெரியவில்லை. இழைப்பக்கம் தரையைப் பார்க்க விரித்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று தட்டைக் கழியால் அதன் முதுகில் தட்டினார்கள். ஓங்கி அடிக்கவில்லை, ஒரு சாண் விட்டு ஒரு சாண் நகர்ந்து ஒரே சீராகத் தட்டினார்கள். பிறகு ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்கள். சிமெண்டுத் தரையில் மாவு சலித்துக் கொட்டியதுபோல் சாம்பல் நிறத் தூசு. விரலில் எடுத்துத் தேய்த்தேன். மணல் நறநறத்தது.

"இது உள்ளே இருக்கும்போது தண்ணி ஊத்தினா சேறாயிடும், தீதி. சேறு வேருக்கு இறங்கிடும். அப்புறம் யார் கழுவினாலும் வராது" என்றார் அங்கே எல்லோரும் சாச்சா என்று கூப்பிடும் மூத்த தொழிலாளி. அவர் பேசிய போஜ்புரியை, அந்த ஊரின் இந்தியக் கம்பளத் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த நண்பர் எனக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கம்பளம் மங்கியதும் ஷாம்பு, வாளித் தண்ணீர், பிரஷ் என்று தொடங்கிவிடுகிறோம். புசுபுசுவென்ற கம்பளத்தில் அழுக்கு மேலே தங்குவதில்லை. காலடி பட்டுப் பட்டு மணல் அடியில் இறங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு மிதிக்கும் இழையின் அடியை அது அரம்போல் அறுக்கிறது. கம்பளம் பழசானதால் முடி கொட்டுகிறது என்று நாம் சொல்லும்போது, அது இந்த மணலின் வேலையாகவும் இருக்கலாம்.

வாரணாசியிலிருந்து கிராண்ட் டிரங்க் (ஜி.டி.) சாலையில் மேற்கே வந்து ஔராயில் வடக்கே திரும்பினால் பதோஹி. 1994-ல் வாரணாசி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. இதன் கைமுடிச்சுக் கம்பளங்களுக்கு 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கமரியா, கோசியா போன்ற ஊர்களில் தறி இருப்பது வீட்டுக்குள்ளேயே. 2023-ல் திறந்த புதிய நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளுக்கும் கம்பளம் நெய்தவர்கள் பதோஹி, மிர்சாபூர் வட்டாரத்து நெசவாளர்கள், ஏறத்தாழ 900 பேர். அவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, எழுதத்தான் வேண்டும். ஆனால் தறியிலிருந்து இறங்கும் கம்பளம் தூசும் எண்ணெய்ப் பிசுக்குமாய் விறைத்துக் கிடக்கும். அதை நாம் கடையில் தொட்டு மகிழும் கம்பளமாக ஆக்குவது கழுவுகிறவர்கள். நான் படித்த செய்திகள் ஒன்றிலும் அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

முற்றம் லேசான சரிவாகக் கட்டப்பட்டிருந்தது. தட்டி முடித்த கம்பளத்தை இழைப்பக்கம் மேலே வர விரித்து, சாச்சா முதலில் செய்தது ஒரு சோதனை. வெள்ளைத் துணியை நனைத்து, கம்பளத்தின் சிவப்பு மூலையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். துணியில் சாயம் ஏறவில்லை. ஏறியிருந்தால் அன்று அந்தக் கம்பளத்துக்குத் தண்ணீர் கிடையாது.

அடுத்து என் கையைப் பிடித்துக் கம்பளத்தின் மேல் ஒரு பக்கமாக இழுத்தார், வழுவழுவென்று போனது. எதிர்ப்பக்கம் இழுத்தார், இழைகள் எழுந்து நின்று தடுத்தன. நெய்கிறவர் முடிச்சுப் போட்டு நூலைக் கீழ்நோக்கி இழுத்து அறுப்பதால், இழைகள் எல்லாம் நெசவு தொடங்கிய ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். கழுவும்போது கடைசித் தள்ளல் எப்போதும் அந்தச் சாய்வின் வழியேதான். குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சி, நீண்ட கழியின் முனையில் பொருத்திய பலகையால் மூன்று பேர் வரிசையாக நின்று தள்ளினார்கள். கறுத்து வந்த நீர் பழுப்பானது, பிறகு கலங்கல் வெள்ளையானது. கண்ணாடியாகத் தெளிந்து வரும்வரை விடவில்லை. சோப்பு உள்ளே தங்கிவிட்டால் அது பிசுபிசுத்து மறுபடி தூசியை இழுக்கும். கழுவிய ஒரு மாதத்தில் முன்னைவிட அழுக்காகும் கம்பளங்களின் கதை இதுதான்.

தள்ளுகிறவர்களின் கால்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரிடம்தான் ரப்பர் பூட்ஸ் இருந்தது. மற்ற இருவரும் வெறுங்கால். விரலிடுக்குகள் வெளுத்து, தோல் வெடித்திருந்தது. புதுக் கம்பளத்துக்குப் பளபளப்பு ஏற்றும் கழுவலில் காஸ்டிக் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் சேரும். அந்த நீரிலும் இதே கால்கள்தான் நிற்கின்றன. இத்தொழிலில் குழந்தைகளைத் தறியில் உட்கார வைத்த கொடுமைக்கு எதிராக 1994-ல் ரக்மார்க் என்ற சான்று முத்திரை வந்தது. கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று தொடங்கிய முயற்சி அது. வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் முத்திரையைக் கேட்கப் பழகினார்கள். அதேபோல் கழுவுகிறவருக்கு பூட்ஸும் கையுறையும் கிடைத்தனவா என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரு ஜோடி பூட்ஸின் விலை, ஒரு கம்பளத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வீட்டில் எங்களால் முடிந்தது என்ன என்று கேட்டேன். சாச்சா முதலில் கம்பளத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். எல்லாம் அங்கேதான் தெரியுமாம். முதுகில் முடிச்சுகள் வரிவரியாகத் தெரிந்தால் கைமுடிச்சு, தண்ணீரைத் தாங்கும். முதுகை ஒரு துணி மூடியிருந்தால், துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி, பின்னால் லேட்டக்ஸ் பசை பூசி ஒட்டியது. கடைகளில் கிடைக்கும் புசுபுசு கம்பளங்களில் இந்த வகை நிறைய. அதை ஊறப்போட்டால் பசை விட்டுப்போகும், துணி உப்பிக்கொள்ளும். விஸ்கோஸ் என்றால் இன்னும் மோசம்; ஈரத்தில் அதன் இழை வலுவிழக்கும், காய்ந்தபின் மஞ்சளாகும். என்ன இழை என்று தெரியாவிட்டால் உதிர்ந்த ஒரு நூலை எரித்துப் பார்க்கலாம். ஆட்டு ரோமம் முடி தீயும் நாற்றத்தோடு பொடியாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும், விஸ்கோஸ் காகிதமாக எரியும்.

வேக்குவம் கிளீனர் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதன் சுழலும் பிரஷ் நீண்ட இழைகளைச் சுற்றிப் பிடுங்குகிறது என்றார். பிரஷை நிறுத்திவிட்டு, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, இழையின் சாய்வோடு இழுத்தால் கெடுதல் இல்லை என்று நண்பர் சேர்த்துக்கொண்டார். எனக்கு இருவர் சொல்வதும் சரியாகவே படுகிறது: அன்றாடத்துக்கு மெஷின், மாதம் ஒருமுறை கவிழ்த்துப் போட்டுத் தட்டல். பசை வைத்ததை மட்டும் உள்ளங்கையால் தட்டினால் போதும். புது ரோமக் கம்பளம் சில மாதம் பஞ்சு உதிர்க்கும், பயப்பட வேண்டாம். தனியாக நீண்டு நிற்கும் நூலை இழுக்காமல் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். காபி சிந்தினால் தேய்க்கக் கூடாது. வெள்ளைத் துணியால் ஒற்றி, குளிர்ந்த நீர் தெளித்து மறுபடி ஒற்ற வேண்டும். வெந்நீரும் தேய்ப்பும் சேர்ந்தால் ரோமம் திரண்டு சடையாகிவிடும்.

சாச்சா அதிக நேரம் பேசியது காயவைப்பதைப் பற்றி. ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு உலர்ந்ததாகவே தோன்றும். நுனியைத் தொட்டு முடிவு செய்யக் கூடாது. இழைகளை இரு கையாலும் பிரித்து, வேரில் கன்னத்தை வைத்துப் பார்க்கிறார் சாச்சா. சில்லென்று பட்டால் இன்னும் ஒருநாள் வெயில். ஈரத்தோடு சுருட்டிய கம்பளத்தில் பூஞ்சை பிடித்து, அடியிலுள்ள பருத்திப் பாவும் ஊடும் மக்கி, மடித்தால் முறியும்.

"உங்க ஊர்ல மழை எப்போ?" என்று கேட்டார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றதும் தலையை ஆட்டினார். அந்த மாதங்களில் தண்ணீரே காட்டாதே. சோபாவுக்கு அடியில் இருக்கும் பகுதியை மட்டும் அடிக்கடி வெளியே இழுத்துப் பார், ரோமம் தின்னும் அந்துப்பூச்சியின் புழு இருட்டில்தான் குடியிருக்கும் என்றார். பெரிய கழுவலை ஏப்ரலில் மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம். சரிவு பார்த்து விரித்து, தண்ணீர் முழுதாக வடிந்தபின் முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி திருப்பிவிட வேண்டும். வேர் சீக்கிரம் காயும், சாயமும் வெளுக்காது.