தாவல்

போன மாதம் அக்கா மகன் என் போனை வாங்கி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று சிரித்தான்.

"மாமா, குரோம்ல எத்தனை டேபு தொறந்து வெச்சிருக்கீங்கன்னு தெரியுமா?"

"எத்தனைடா?"

"அதுக்கே தெரியல. சிரிக்குது பாருங்க."

காட்டினான். பிரௌசரின் மேல்மூலையில் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். திறந்திருக்கும் பக்கங்களின் எண்ணிக்கை அதில் தெரியும். 99 வரைக்கும்தான் எண். நூறைத் தொட்டுவிட்டால் எண் போய்விடும், அந்த இடத்தில் ஒரு முக்காற்புள்ளியும் ஆங்கில டி எழுத்தும் வரும். படுக்கவைத்துப் பார்த்தால் வாயைப் பிளந்து சிரிக்கிற முகம். இதைச் செய்த இன்ஜினியர்களில் யாரோ ஒருவருக்கு நக்கல் அதிகம்.

"எல்லாத்தையும் ஒரே அமுக்குல மூடிடலாம் மாமா. மூடட்டா?"

"வேணாம், குடு" என்று பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கிய வேகம் எனக்கே விசித்திரமாக இருந்தது.

டேப் என்பதைத் தமிழ் மென்பொருள்களில் 'தாவல்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். தெரியாமல் செய்தார்களோ தெரிந்து செய்தார்களோ, சரியான சொல். நாம் ஒன்றை முடித்துவிட்டா அடுத்ததைத் திறக்கிறோம்? பாதியில் விட்டுவிட்டுத் தாவுகிறோம். ஒரு பக்கம் படிக்கச் சங்கடமாக இருந்தால் பக்கத்துக் கிளைக்கு.

எனக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. ஊர் ஊத்தங்கரை. நடுவில் நூறு கிலோமீட்டர் போல இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, சனிக்கிழமை ராத்திரி வீடு வந்து சேருவேன். பாதி டேபுகள் அந்த பஸ்ஸில் திறந்தவை. மீதி, ஓசூர் ரூமில் தூக்கம் வராத ராத்திரிகளில்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தேன். கரண்ட் பில் கட்டுகிற பக்கம் மட்டும் ஆறு. பட்டா சிட்டா பார்க்கிற பக்கம் மூன்று. பெங்களூரா மாங்காய் விலை. மகளுக்கு ஸ்கூல் பாடம். யாரோ அனுப்பிய வேலைவாய்ப்பு. இவையெல்லாம் சுலபமாகப் போயின. விரலால் ஓரமாகத் தள்ளினால் போதும். தள்ளியதும் கீழே ஒரு பட்டை வந்து, 'வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்' என்று சில விநாடி நிற்கும். பிறகு அதுவும் போய்விடும்.

இதில் போன் வேகமாகும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவாக இல்லை. நாம் பார்க்காத டேபுகளை ஆண்ட்ராய்டு நினைவகத்தில் வைத்துக்கொள்வதில்லை, இடம் போதாதபோது அதுவாகவே இறக்கிவிடுகிறது. மிஞ்சுவது முகவரியும் ஒரு சின்னப் படமும்தான். தொட்டால்தான் மறுபடி இணையத்திலிருந்து எடுத்துவரும். ஆக இத்தனை நாளும் சுமந்தது போன் இல்லை, நான்.

2021இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஆட்களை விசாரித்து எழுதியிருக்கிறார்கள். மூடிவிட்டால் அந்த விஷயமே கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. திறந்திருக்கிற டேப், 'இது இன்னும் பாக்கி' என்று ஞாபகப்படுத்தவும் செய்கிறது. படித்தபோது சரிதான் என்று பட்டது. ஆனால் எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மூடினால் ஒரு முடிவு எடுத்ததாக ஆகிவிடும். படித்தாலும் ஒரு முடிவு எடுக்கவேண்டி வரும். திறந்து வைத்துவிட்டால் இரண்டும் வேண்டாம்.

கீழே போகப் போக மழை வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தோம். அது வலுவிழந்து மேற்கே நகர்ந்து வந்து எங்கள் தலையில் கொட்டியது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். ஏரி நிரம்பி வழிந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வரிசையாக இழுத்துக்கொண்டு போன வீடியோவை நாடே பார்த்தது. நானும் அதைப் போனில்தான் பார்த்தேன், அதே ஊருக்குள் உட்கார்ந்துகொண்டு. வீட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அப்பாவுக்கு டயாலிசிஸ் முறை. திங்களும் வியாழனும். வெளியூர் போகவேண்டும். ஒரு வண்டியும் கிளம்பவில்லை. நான் வானிலை ரேடார் பக்கத்தை ஒரு டேபிலும், ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்பதை இன்னொரு டேபிலும் வைத்துக்கொண்டு மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. அம்மா காலையிலேயே பாட்டிலில் அளந்து வைத்துவிடுவாள். ஊரே தண்ணீரில் மிதக்கிறது, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மூடி ஊற்றி நாக்கை நனைத்துக்கொண்டிருந்தார்.

"போன்ல என்னடா பாக்கற?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா. மழை எப்ப நிக்கும்னு."

மறுநாள் எப்படியோ கூட்டிக்கொண்டு போய்விட்டோம். அந்த முறை தப்பித்தார். அடுத்த மே மாதம், மரத்தில் காய் பிடித்திருந்தபோது போனார். பொட்டாசியம் ஏறிவிடும் என்று மாம்பழத்தைத் தொடக்கூடாது என்றிருந்தார்கள். இருபது மா மரம் வைத்து வளர்த்த மனுசன். கடைசி வருசம் பழம் சாப்பிடாமலேயே போனார்.

எல்லாவற்றையும் மூடிவிட்டேன் என்று நினைத்தபோது இன்னும் ஒரு வரி இருந்தது. குரோம் இப்போது 21 நாள் தொடாமல் கிடக்கிற டேபுகளைத் தனியாக ஒதுக்கி, செயலில் இல்லாதவை என்று ஒரு மூலையில் வைத்துவிடுகிறது. நாம் பதினாறாம் நாள் காரியம் செய்கிறோம், அது 21 நாள் பொறுக்கிறது. அதைத் திறந்தேன். நான் தேடாமல் தேடிக்கொண்டிருந்தது அங்கே இருந்தது.

2024 செப்டம்பரில் திறந்த பக்கம். உயிரோடு இருப்பவர் கிட்னி கொடுப்பது பற்றியது. டயாலிசிஸ் ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ரூமில் மற்றவர்கள் தூங்கினபிறகு தேடினேன். வந்த முதல் பக்கத்தை அமுக்கினேன். நெருங்கிய உறவில் யார் யார் கொடுக்கலாம், 1994ஆம் வருசத்து உறுப்பு மாற்றுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஆரம்பித்தது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி. 'பிள்ளைகள்' என்ற சொல் வரை படித்தேன். அப்புறம் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

எட்டு மாதம் அது திறந்தே இருந்தது. நான் மூடவும் இல்லை, படிக்கவும் இல்லை. ஷிப்டு, லோன், மகள் என்று எனக்கு நானே காரணம் சொன்னதாகக்கூட ஞாபகமில்லை. அப்படி சொல்லியிருந்தால் யோசித்ததாக ஆகியிருக்கும். அப்பாவும் ஒரு நாளும் கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி முழுசாகப் படித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சர்க்கரை உள்ளவர்களிடம் பொதுவாகக் கிட்னி எடுக்கமாட்டார்கள் என்று நடுவில் ஒரு வரி. எனக்கு ஆறு வருசமாகச் சர்க்கரை. ஆக, நான் முன்வந்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நிம்மதி வரும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை. என்னால் கொடுக்க முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியாதே. கொடுக்க முடியும் என்று இருந்துவிடுமோ என்று பயந்துதானே படிக்காமல் விட்டேன். படித்திருந்தால், "அப்பா, கேட்டுப் பாத்தேன், எனக்கு ஆகாதாம்" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குக் கிட்னி கிடைத்திருக்காது. அந்த வார்த்தை கிடைத்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று "அக்கா" என்றேன்.

"இருக்கேன்டா" என்றாள். "நானும் பாத்தேன். பாதி படிச்சேன். எனக்கு ஒடம்புல ஒரு கொறையும் இல்லடா. எம்பிள்ளைய நெனச்சேன், விட்டுட்டேன்."

அப்புறம் இரண்டு பேரும் மாங்காய் குத்தகைக்கு விடுவதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். போனை வைக்கப் போகும்போது, "அந்தப் பக்கத்த மூடிட்டியா?" என்று கேட்டாள்.

"மூடிட்டேன்க்கா."

"சரி" என்றாள்.

மூடியிருக்கவில்லை. அவள் வைத்தபிறகுதான் மூடினேன்.