அழாத கண்கள்

அப்பா தை மாதம் இறந்தார். ஆடியில் அம்மாவின் இமைகள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்து வரும்போது கண்கள் பாதிதான் திறந்திருக்கும். "ராத்திரி பூரா அழுதிருக்கா" என்றாள் அத்தை. நானும் தொலைபேசியில், "எத்தனை நாளைக்கும்மா அழுவே, போதும்மா" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை.

அதன்பின் எல்லாமே துக்கத்தின் கணக்கில் சேர்ந்தது. ஆவணிப் புழுக்கத்தில் போர்வை கேட்டாள். குரல் கரகரத்தது, அழுது தொண்டை கட்டிவிட்டது என்றோம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். சாப்பாடு குறைந்தும் உடம்பு பெருத்தது. அது மட்டும் துக்கத்தில் சேராது. யாரும் யோசிக்கவில்லை.

ஐப்பசியில்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "அழுது வீங்கின கண்ணு மத்தியானத்துக்குள்ள வடிஞ்சிடும். இது மாசக்கணக்கா இருக்கே" என்றார் அவர். கண்ணில் அரிப்பு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். சிறுநீர் நுரைக்கிறதா என்றார். சிறுநீரகம் பழுதாகிப் புரதம் வெளியேறினாலும் முதலில் வீங்குவது இமைகள்தானாம். அங்கே தோல் அவ்வளவு மெல்லியது. இரண்டும் இல்லை. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார், குழி விழவில்லை. புருவத்தின் வெளியோரம் உதிர்ந்திருப்பதைக் காட்டினார். தினம் பார்த்த முகம், எனக்குத் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 86. ஏறக்குறைய 4, 5க்குள் இருக்க வேண்டியது. தைராய்டு சுரப்பு குறைந்தால், நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பொருட்கள் தோலுக்கடியில் சேர்ந்துவிடுகின்றன. 1878இல் வில்லியம் ஆர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதற்கு மிக்ஸெடிமா என்று பெயர் வைத்தார். 1891இல் ஜார்ஜ் மர்ரி ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றி ஒரு பெண்ணைக் குணமாக்கினார். அம்மாவுக்கு வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் சொன்னாள்: "நான் அழவே இல்லடா. அழுகையே வரல. நீங்க எல்லாரும் சொன்னதும், தூக்கத்துல அழுறேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

தலைத்திவசத்தன்று அப்பாவின் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று வாய்விட்டு அழுதாள். நான் போதும் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை கண்கள் வீங்கியிருந்தன. மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டது.