கயிற்றின் இந்த முனை

“மேல போனதும் என்ன பண்ணப் போற?”

இடுப்புப் பட்டையில் கயிற்றை முடிந்துகொண்டிருந்த பெண்ணிடம், அந்தக் கயிற்றைப் பிடிக்கப்போகிறவர் கேட்டார். பெங்களூரு கண்டீரவா விளையாட்டரங்கத்து ஏறுசுவரின் அடியில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை.

“உச்சியில உட்காந்துடுவேன், நீங்க இறக்கிடுங்க அண்ணா.”

“சரி. நான் இறக்குறேன்.”

அவள் ஏறத் தொடங்கினாள். தினமும் ஏறும் சுவர், தினமும் பிடிக்கும் ஆள், எதற்கு இந்தக் கேள்வி என்று எனக்குத் தோன்றியது. அன்று இரவு டீக்கடையில் அவரே விளக்கினார். உச்சியில் இருக்கும் கொக்கிக்குப் போனவர் கீழே வர இரண்டு வழி உண்டு. கீழே இருப்பவர் கயிற்றை விட்டு விட்டு இறக்கலாம். அல்லது மேலே இருப்பவர் கயிற்றைத் தானே கோத்துக்கொண்டு, தானாக வழுக்கி இறங்கலாம். அவர் தானாக இறங்குவார் என்று நினைத்துக் கீழே இருப்பவர் கயிற்றைக் கழற்றிவிடுகிறார். மேலே இருப்பவரோ, பிடித்திருக்கிறார் என்று நம்பிப் பின்னால் சாய்கிறார். உலகம் முழுக்க இப்படி விழுந்திருக்கிறார்கள், இருபது வருஷம் ஏறியவர்களும் கூட. “கஷ்டமான இடத்துல யாரும் அஜாக்கிரதையா இருக்க மாட்டான் தம்பி. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கிற இடத்துலதான்...” என்று சொல்லி டீயைக் குடித்தார்.

ஏறுகிறவர்களைப் பற்றி எழுதத்தான் அங்கே போனேன். இரண்டாவது வாரத்திலேயே என் கண் ஏறுகிறவர்களை விட்டு, கீழே கழுத்தை அண்ணாந்து நிற்பவர்களிடம் போய்விட்டது. இந்தத் தொழிலின் பாதி அங்கேதான் நடக்கிறது. படம் எடுப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை.

அன்று கயிறு பிடித்த அண்ணன் கோலார் தங்கவயல்காரர். அவருடைய தாத்தா சேம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இரும்புக் கூண்டில் இறங்கினார்கள். கூண்டு தொங்குவது ஒரு கம்பிக் கயிற்றில். அதன் மறுமுனையில், வெளிச்சத்தில், சுருட்டும் இயந்திரத்தின் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருப்பவர்களின் முகம் அவருக்குத் தெரியாது. மணியடிப்பில்தான் பேச்சு: தூக்கு, இறக்கு, நிறுத்து, ஆள் இருக்கிறது. “எங்க தாத்தா சாமி பேரச் சொல்றதுக்கு முன்னாடி அந்த டிரைவர் பேரச் சொல்லிட்டுத்தான் கூண்டுல கால் வைப்பாராம்.” 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். அண்ணன் பெங்களூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே இந்தச் சுவரைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

சுவரடியில் கேட்கும் மொழியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கன்னடம், தமிழ், இந்தி, ஆங்கிலம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். இளைஞர்கள் ஒருவரை ஒருவர் ‘மகா’ என்பார்கள். மகனே என்பதுதான், நம் ஊர் மச்சானின் வேலையைக் கன்னடத்தில் அது செய்கிறது. பகலெல்லாம் கணினியில் ‘ப்ராஜெக்ட்’, ‘பீட்டா’ என்று பேசிவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே அந்தச் சொற்களுக்கு வேறு பொருள். ப்ராஜெக்ட் என்றால் ஒருவர் மாதக்கணக்கில் விழுந்து விழுந்து முயலும் பாதை. பீட்டா என்றால் எந்தப் பிடியை எந்தக் கையால் பிடிப்பது, காலை எங்கே வைப்பது என்ற துப்பு. கேட்காதவருக்கு பீட்டா சொல்வது மரியாதைக் குறைவு. விடுகதைக்கு விடையைச் சொல்லிவிட்ட மாதிரி முகம் சுருங்கிப் போவார்கள்.

கயிறு சம்பந்தப்பட்ட சொற்களில் மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. ‘டேக்’ என்றால் கயிற்றை இறுக்கு. ‘ஸ்லாக்’ என்றால் தளர்த்து. மேலிருந்து கல் பெயர்ந்தால், எந்த மொழிக்காரராக இருந்தாலும் ‘ராக்!’ என்று கத்த வேண்டும். கத்தல் கேட்டவர் அண்ணாந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சுரங்கத்து மணி மாதிரிதான். ஒரு சத்தத்துக்கு ஒரு பொருள்.

கயிறு பிடிப்பதை ‘பிலே’ என்கிறார்கள். இரண்டு மாதம் எனக்கு அதை மட்டுமே கற்றுக்கொடுத்தார் அண்ணன். இடுப்பில் ஒரு சிறு உலோகக் கருவி. அதன் வழியாகக் கயிறு வளைந்து போகும். மேல்பக்கக் கயிற்றில் ஒரு கை, கீழ்ப்பக்கக் கயிற்றில் ஒரு கை. கீழ்க்கைதான் பிரேக். மூக்கு அரித்தாலும், கொசு கடித்தாலும் அந்தக் கை கயிற்றை விட்டு எழக்கூடாது. ஏறுகிறவர் கயிற்றை இழுத்து அடுத்த கொக்கியில் மாட்டும்போது சரியாக அந்த நொடியில் நீளம் கொடுக்க வேண்டும். முந்தினால் தொய்வு, பிந்தினால் அவரைக் கீழே இழுத்த மாதிரி ஆகும். கடைசிக் கொக்கிக்கு மேல் இரண்டு மீட்டரில் நிற்பவர் கை நழுவினால் இரண்டு மீட்டர் அல்ல, நான்கு மீட்டர் விழுவார். தொய்வும் கயிற்றின் நீட்சியும் அதற்கு மேல் சேரும். விழுந்தவரைச் சட்டென்று நிறுத்தினால் ஊசல் போல வந்து பாறையில் மோதுவார். அதனால் பிடிப்பவர் அந்தக் கணத்தில் லேசாக எம்பிக் கொடுக்க வேண்டும். இதை எந்தப் புத்தகமும் முழங்காலுக்குச் சொல்லித்தர முடியாது. மணல் மூட்டையைக் கட்டி மேலிருந்து தள்ளிவிட்டு, என்னைப் பிடிக்க வைத்துப் பழக்கினார்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, விடியுமுன் மைசூர் சாலையில் கிளம்பினோம். பிடதியில் தட்டே இட்லி, வெண்ணெயோடு. பிறகு ராமநகரத்தைத் தாண்டி ஒரு கிராமத்துப் பாறை. 1975இல் வந்த ‘ஷோலே’ படத்தின் குன்றுகள் என்றால் எல்லோருக்கும் புரியும். அந்தப் படம் எடுத்த ராமதேவர பெட்டாவை 2012இல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். நீண்ட அலகுடைய பாறுகள் செங்குத்துப் பாறை விளிம்புகளில் கூடு வைக்கின்றன. ஏறத் தோதான பாறை கைவிட்டுப் போனதில் பழைய ஆட்களுக்கு வருத்தம் இருந்தாலும், பாறுக்கு இருக்க வேறு இடம் இல்லை என்று அவர்களே சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நமக்குச் சாவனதுர்கா இருக்கிறது, பாதாமியின் சிவந்த மணற்பாறை இருக்கிறது, ஹம்பியின் உருண்டைக் கற்கள் இருக்கின்றன.

ராமநகரத்துக்கு வெள்ளையர் வைத்த பெயர் க்ளோஸ்பேட்டை. புவியியலாளர்கள் இந்தப் பாறையை இன்றும் க்ளோஸ்பேட் கிரானைட் என்றே அழைக்கிறார்கள். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். உருகிய குழம்பு பூமிக்கடியில் மெதுவாக ஆறியதால், இளஞ்சிவப்புப் படிகங்கள் கட்டைவிரல் அளவுக்குக் கூட வளர்ந்திருக்கின்றன. தூரத்தில் மொழுமொழுவென்று தெரியும் பாறையில் அந்தப் படிகங்கள்தான் படி. “காலு நோடு, காலு நோடு” என்று கீழிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. காலைப் பார். புதிதாக ஏறுகிறவர்கள் கையை நம்பித்தான் களைத்துப்போகிறார்கள்.

குளிர்காலக் காலை என்பதால் பாறை நன்றாகப் பிடித்தது. பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறினால் விரல் வியர்த்து வழுக்கும், எவ்வளவு சுண்ணப்பொடி பூசினாலும்.

கயிறு விரிக்கும் முன் அண்ணன் பாறையை வெகுநேரம் பார்த்தார். மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று தேடினாராம். அடை தெரிந்தால் அன்று அந்தப் பக்கம் போவதில்லை. பேச்சு தேன் எடுப்பவர்கள் பக்கம் திரும்பியது. மலைபடுகடாம் பாடிய காலத்திலேயே தேனுக்காகச் செங்குத்து மலையில் சார்த்திய மூங்கில் ஏணிக்கு ‘மால்பு’ என்று பெயர் இருந்தது. நீலகிரியில் குறும்பர்கள் இன்றும் கொடியில் தொங்கித் தேன் எடுக்கிறார்கள். மேலே கொடியைக் காத்து நிற்பவர் யாராக இருக்க வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு: மனைவியின் உடன்பிறந்தவன். தன் சகோதரியின் தாலிக்காகவாவது அவன் கொடியை விட மாட்டான். இதைச் சொன்னதும் ஓசூர்ப் பையன் ஒருவன், “அதான்ணா நாங்க எல்லாரையும் மச்சான்னு கூப்பிடுறோம்” என்றான். சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சு என் மனதை விட்டுப் போகவில்லை.

கயிறே இல்லாமல் ஏறுகிறவர்களைப் பற்றியும் வாக்குவாதம் நடந்தது. தமிழ்நாட்டில் பிறந்து, சித்ரதுர்கக் கோட்டைச் சுவர்களில் வெறுங்கையோடு ஏறிப் பேர் வாங்கிய ஜோதிராஜைத் தெரியாதவர் கர்நாடகத்தில் குறைவு. ‘கோதி ராஜ்’, குரங்கு ராஜா என்றுதான் அழைக்கிறார்கள். இளைஞர்களுக்கு அவர்மேல் தீராத வியப்பு. அண்ணனும் அவரது திறமையை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை. “எனக்கு மட்டும், ஒருத்தன் ஏறும்போது கையில எதுவும் இல்லாம கீழ நிக்கத் தெரியாது” என்றார்.

பிறகு என்னை அழைத்தார். முதல்நாள் “என்ன பண்ணப் போற” என்ற கேள்விக்குப் பதில் சொன்ன அதே பெண்ணுக்கு நான் பிடிக்க வேண்டும். அவள் என் பட்டையின் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். நான் அவளுடைய எட்டு முடிச்சைப் பார்த்தேன்; இரண்டிரண்டு இழையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வால் ஒரு சாண் மிச்சமிருக்க. கேள்வியைக் கேட்டேன். பதிலைத் திருப்பிச் சொன்னேன். நான்காவது கொக்கிவரை எல்லாம் சீராகப் போனது. அதற்கு மேல் அவளுடைய முழங்கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மௌனமானார்கள். அவள் வலக்கையை நீட்டினாள், எட்டவில்லை. சொல் வருமுன் உடல் வந்தது. என் கால்கள் தரையை விட்டு எழுந்தன. பாறையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டேன், மற்றது கயிற்றில். மேலே பார்த்தால், அவள் மெல்ல ஆடிக்கொண்டு தொங்குகிறாள்.

“ஒரு நிமிஷம்ணா. திரும்பப் போறேன்.”

போனாள். மூன்றாவது முறை அந்தப் பிடி கிடைத்தது.

வெயில் ஏறியதும் நிழலில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டினோம். அறுபது மீட்டர் நீலக் கயிறு. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதை ஒவ்வொரு சாணாக நகர்த்தினார். உறையைக் கண்ணால் பார்க்கலாம், உள்ளே இருக்கும் நைலான் புரிகளை விரல்தான் பார்க்க வேண்டும் என்றார். ஒரு முனையிலிருந்து ஒன்பது மீட்டர் அளவில் விரல் நின்றது. என்னிடம் நீட்டினார். உறையில் கீறல் இல்லை. ஆனால் அந்த இடத்தில் கயிறு உருண்டையாக இல்லாமல் தட்டையாக, பஞ்சு மாதிரி அமுங்கியது. பாறை விளிம்பில் அழுந்தியிருக்க வேண்டும்.

யாரும் விலையைப் பற்றிப் பேசவில்லை. கத்தி வந்தது. நறுக்கினார், முனையை லைட்டரில் உருக்கி மூடினார். கயிற்றின் நடுவே இருந்த பழைய கறுப்புக் குறி இனி நடு இல்லை. அதன்மேல் நாடா சுற்றி மறைத்துவிட்டுப் புது நடுவை அளந்து குறித்தார். முப்பது மீட்டர் உயரப் பாறையில் அறுபது என்று நம்பி ஒருவரை இறக்கினால், அவர் தரையைத் தொடுமுன் கயிறு தீர்ந்துபோகும். இரண்டு முனையிலும் வெள்ளை நாடா ஒட்டி ‘50’ என்று எழுதினார். பிறகு எழுந்து, பாறை நிழலில் ஆங்காங்கே படுத்திருந்த ஒன்பது பேரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்தவனையும் தட்டி எழுப்பி, “நீலக் கயிறு இனிமே அம்பது” என்றார். அவன் “அம்பது” என்று திருப்பிச் சொல்லும்வரை நகரவில்லை.