பாதையில்லா நாட்டிலே பத்து நாள்

அலாஸ்காவின் தேசப்படத்தை எடுத்து, அதன் வடகீழ் மூலையை நோக்குவோர் அங்கே ஊர்ப்பெயர்கள் மிக அருகியிருத்தலைக் காண்பர். தெற்கே ஊசியிலைக் காடு, நடுவே புறூக்ஸ் மலைத்தொடர், வடக்கே சமவெளி, அதற்கும் அப்பால் ஆர்க்டிக் சமுத்திரம். இப்பெரு நிலப்பரப்பே ஆர்க்டிக் தேசிய வனவிலங்குச் சரணாலயம் எனப்படுவது. அதன் பரப்பு ஏறத்தாழ 30,000 சதுர மைல். நம் இலங்கை முழுவதும் 25,000 சதுர மைலுக்குச் சற்றே கூடியது என்பதை நினைவிற் கொண்டால், அதன் விரிவு ஒருவாறு விளங்கும். இத்தனை பெரிய நிலத்தினுள்ளே மனிதர் அமைத்த நடைபாதை ஒன்றில்லை, தங்குமடம் இல்லை, வழிகாட்டும் பலகைதானும் இல்லை. உட்செல்ல விரும்புவோர் பெரும்பாலும் சிறு விமானத்தில் ஏறி, ஏதேனும் ஓர் ஆற்றங்கரைக் கூழாங்கற் பரப்பில் இறங்கவேண்டியதே.

பூமிசாஸ்திர வகுப்பிலே "தண்டரா" என்ற சொல்லை நாம் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறோம். மரமற்ற குளிர்நிலம், பாசி, மான், நீண்ட பகல் என நான்கு வரிகளில் அப்பாடம் முடிந்துவிடும். ரொறன்ரோவில் வாழும் எம் தமக்கையாரின் மகன், "மாமா, படிப்பித்தது போதும், ஒருக்கால் வந்து பாருங்கோ" என்று பலமுறை எழுதியும் கதைத்தும் வற்புறுத்தியதன் பயனாகவே இப்பிரயாணம் கைகூடியது. வழிகாட்டியாக வந்த பெண்மணியுடன் சேர்த்து நாம் அறுவர். அவர் அந்நிலத்திலே பதினெட்டுக் கோடைகளைக் கழித்தவர், குறைவாகப் பேசுபவர், கூறியதை இருமுறை கூறாதவர்.

அந்நிலம் காக்கப்பட்ட வரலாற்றை முதலிற் சொல்லிவிடுவோம். 1956ஆம் ஆண்டு ஓலாஸ் மியூரி என்னும் உயிரியலறிஞரும் அவர் மனைவியார் மார்டியும் சில துணைவருடன் ஷீன்ஜெக் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே ஒரு கோடையைக் கழித்து, அங்குள்ள புள்ளும் விலங்கும் பூண்டும் குறித்து ஆராய்ந்தனர். அக்குழுவில் இளம் மாணவராக இருந்தவரே, பிற்காலத்தில் இந்தியாவின் கானாக் காட்டுப் புலிகளை ஆராய்ந்து புகழெய்திய ஜோர்ஜ் ஷாலர். அவர்கள் திரட்டிய சான்றுகளும் செய்த முயற்சியும் பெரிதும் உதவ, 1960ஆம் ஆண்டு டிசம்பரில், ஐசனோவர் ஆட்சியின் இறுதி நாட்களில், அந்நிலம் காப்புநிலமாயிற்று. 1980இல் அது மேலும் விரிவாக்கப்பட்டு இன்றைய பெயரைப் பெற்றது.

பெயார்பாங்ஸ் நகரிலே எம் பொதிகளை மட்டுமன்றி எம்மையும் தராசில் ஏற்றினார்கள். ஒருவருக்கு 50 றாத்தல் பொதியே அநுமதி. தமக்கையார் அன்போடு தந்துவிட்ட தேசிக்காய் ஊறுகாய் கண்ணாடிப் போத்தலில் இருந்தது. வழிகாட்டி அதனை ஒரு கணம் முகர்ந்து பார்த்து, போத்தலை நீக்கி, ஊறுகாயை இலேசான பாத்திரமொன்றில் இட்டு, கரடி திறக்கவியலாத உணவுப் பீப்பாவினுள் வைத்துப் பூட்டினார். மரக்கறி உண்பவர் என்பதால் எமக்கென உலர்ந்த சோறும் அவரையும் பருப்பும் தனியே கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொருவரும் தத்தம் மருந்தை ஒரு கிழமைக்கு மேலதிகமாகக் கொண்டுவருதல் வேண்டும் என்பது அவர் முன்னரே அறிவித்திருந்த விதி. அதன் காரணம் பின்னரே விளங்கிற்று.

அங்கிருந்து ஆர்க்டிக் வில்லேஜ் என்னும் குவிச்சின் மக்களின் சிற்றூர் வரை ஒரு விமானம். அதற்கு மேல் இன்னொன்று. இரண்டாவது விமானம் டி ஹாவிலண்ட் பீவர் என்பது. கனடாவில் 1947 முதல் 1967 வரை கட்டப்பட்ட இவ்வகை விமானங்கள் இன்றும் வடநாட்டிலே உழைத்துக்கொண்டிருக்கின்றன. மூக்கிலே ஓர் இயந்திரம், பருத்த றப்பர் ரயர்கள், உள்ளே பொதிகளுக்கிடையே நாம். ஆறு பேரையும் பொருள்களையும் ஒருமிக்க ஏற்றவியலாதாகையால், விமானி இருமுறை வந்துசென்றார். மலைத்தொடரின் முகட்டைக் கடந்தபோது, "இதுவரை கண்ட ஆறுகள் யூக்கோன் நதியோடு சேர்ந்து பேரிங் கடலுக்குப் போகின்றன, இனிக் காண்பவை ஆர்க்டிக் சமுத்திரத்துக்குப் போகின்றன" என்று அவர் ஒலிவாங்கியிற் கூறினார். அத்துடன் மரங்களும் முடிந்துவிட்டன. வகுப்பில் இருபது ஆண்டு கூறியும் மாணவர் மனத்திற் பதியாத நீர்ப்பிரிநிலம் என்னும் பொருளை, அன்று சன்னலூடாகப் பார்த்த அரை நிமிடத்தில் எந்தச் சிறுவனும் கற்றிருப்பான்.

கொங்ககற் ஆற்றின் கரையிலே, 69ஆம் பாகைக்கு அண்மையில், கற்பரப்பொன்றின் மீது விமானம் ஒருமுறை தாழப் பறந்து, கற்களையும் நீர்மட்டத்தையும் நோட்டமிட்டபின் இறங்கியது. பொதிகளை இறக்கியதும் அது தன் வழியே போயிற்று. அதன் ஒலி மலைகளுக்கப்பால் முற்றாக மறையச் சில நிமிடங்கள் சென்றன. பின்னர் கேட்டது ஆற்றின் ஒலி மாத்திரமே. எம் மருமகன் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மீண்டும் சட்டைப்பையில் இட்டுக்கொண்டான்.

தண்டராவில் நடத்தல் என்பது தனிக் கலை. தொலைவிலிருந்து பார்க்கும்போது வயல்வெளி போலத் தோன்றும். கால் வைத்தால், பருத்திப்புல் என்னும் ஒருவகைப் புல் ஆண்டாண்டாகத் திரண்டு ஆக்கிய மேடுகள், மனிதத் தலையளவினவாய் ஆயிரமாயிரம் நெருங்கி நிற்கின்றன. மேட்டின் மேல் மிதித்தால் அது சாய்கிறது. இடையில் மிதித்தால் கணுக்கால்வரை நீர். மணிக்கு ஒரு மைல் நடந்தால் அது நல்ல நடை. இங்கே மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்து அங்குலத்துக்கும் குறைவே. யாழ்ப்பாணத்து வரட்சியை அறிந்த நாம் இத்தனை ஈரத்தைக் கண்டு வியந்தோம். காரணம் நிலத்தின் கீழே உளது. ஓரிரு அடி ஆழத்திலேயே மண் என்றும் உறைந்து கிடப்பதால், மேலே உருகிய நீர் கீழிறங்க வழியின்றி அங்கேயே தேங்குகிறது. நம் ஊரிலே சுண்ணாம்புக்கல் நிலம் பெய்த நீரையெல்லாம் கீழே விட்டுவிடுகிறது. அங்கே உறைந்த மண் ஒரு துளியையும் விடுவதில்லை. இவ்விரு நிலங்களையும் ஒருங்கு வைத்துக் கற்பித்தால் மாணவர்க்கு நன்கு விளங்கும்.

அந்நீரே நுளம்புகளின் பிறப்பிடம். தலையை மூடும் வலையின்றி உணவுண்ணவும் இயலாது. வன்னியில் வளர்ந்தவர்களும் அங்கே தோற்பர் என்றால் மிகையன்று.

சமையல் கூடாரத்திலிருந்து நூறு யார் தள்ளியே நடந்தது. உண்டபின் பாத்திரம், பற்பசை, சவர்க்காரம் யாவும் பீப்பாக்களுள் பூட்டப்பட்டன. தனியே எவரும் எங்கும் செல்லலாகாது. வில்லோப் புதர்களுக்கிடையே போகும்போது உரக்கப் பேசிக்கொண்டே போதல் வேண்டும். மிளகாய்த் தெளிப்பான் இடுப்பில் இருத்தல் வேண்டும். மூன்றாம் நாள், எதிர்ச்சரிவிலே கிறிஸ்லிக் கரடியொன்று வேர்களைத் தோண்டித் தின்றுகொண்டிருப்பதைத் தொலைநோக்காடியிற் கண்டோம். காற்றுத் திரும்பியதும் அது பின்னங்காலில் எழுந்து நின்று மோப்பம் பிடித்தது. நாம் ஒருவரையொருவர் நெருங்கி நின்றோம். அது சிறிது நேரம் நின்று, நாம் பொருட்படுத்தத் தக்கவரல்லர் என எண்ணியதுபோல, மெல்ல நடந்து மலைக்கப்பால் மறைந்தது.

இரவு என்பது அங்கே பெயரளவில் மட்டுமே உண்டு. ஜூன் மாதத்தில் சூரியன் வானைச் சுற்றி வருகிறதேயன்றி மறைவதில்லை. கண்ணைத் துணியாற் கட்டிக்கொண்டு உறங்கினோம். கூடாரத்துக்கருகே கற்குவியலொன்றில் வீற்றியர் என்னும் சிறு குருவியிணை கூடு கட்டியிருந்தது. ஓர் அவுன்சுகூட நிறையில்லாத இக்குருவி, கோடை முடிந்ததும் ஆசியாவைக் குறுக்கே கடந்து கிழக்கு ஆபிரிக்காவுக்குப் பறந்து செல்வதை, அதன் உடலிற் பொருத்திய நுண்கருவிகளால் அறிஞர்கள் கண்டறிந்து 2012இல் வெளியிட்டனர். கடுங்குளிரும் நீண்ட இருளும் கொண்ட நாட்டிற்கு இது ஏன் ஆண்டுதோறும் வருகின்றது என்று மருமகன் கேட்டான். "நுளம்பு தின்ன" என்றார் வழிகாட்டி.

ஐந்தாம் நாட் காலை, அவர் எம்மை எழுப்பிக் கிழக்குச் சரிவைக் காட்டினார். சரிவு அசைந்துகொண்டிருந்தது. கரிபு மான்கள்! முதலில் நூறு, பின் ஐந்நூறு, பின் எண்ணும் முயற்சியைக் கைவிட்டோம். மூவாயிரம் இருக்கலாம் என்றார் வழிகாட்டி. தாய்மான்களும் மூன்று கிழமைக் கன்றுகளும் ஆற்றை நோக்கி இறங்கின. மான்குலத்திலே பெண்ணுக்கும் கொம்புண்டு என்பது இவ்வினத்துக்கே உரிய சிறப்பு. நடக்கும்போது அவற்றின் காற்குழம்பின் மேலுள்ள தசைநார் எலும்பில் உரசி, 'டிக், டிக்' என ஒலிக்கிறது. ஆயிரக்கணக்கான கால்கள் ஒருங்கே நடக்க, அவ்வொலி வரண்ட பனையோலையில் மழைத்துளி வீழ்வது போலக் கேட்டது. கன்றுகள் தாயைத் தேடிக் கத்தின. ஆற்றின் ஓரமாகக் குளிர்காலத்தில் நீர் படைபடையாக உறைந்து ஆகிய பனிப்பாளம் கோடையிலும் உருகாது பரந்து கிடந்தது. மான்கள் அதன்மேல் ஏறி நின்று நுளம்பினின்றும் இளைப்பாறின. ஒரு கன்று மாத்திரம் நீரிழுப்பில் அகப்பட்டு, ஐம்பது யார் கீழே கரையேறி, நடுங்கி நின்றது. தாய் கரையோரமாக ஓடிவந்து அதனைச் சேரும்வரை எம்மில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இம்மந்தை 'போக்குப்பைன் மந்தை' எனப்படும். 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதில் ஏறத்தாழ 218,000 மான்கள் இருந்தன. கனடாவிலும் புறூக்ஸ் மலைத்தொடருக்குத் தெற்கேயுள்ள காடுகளிலும் குளிர்காலத்தைப் போக்கி, மலைகளைக் கடந்து, ஜூன் தொடக்கத்தில் கடலோரச் சமவெளியை அடைந்து கன்றீனுவது அவற்றின் வழக்கம். அச்சமவெளியின் அடியிலே எண்ணெய் இருக்கலாம் என்பதே இன்றைய வழக்கின் வேர். மேற்கே புறூடோ குடாவில் 1968இல் எண்ணெய் கண்டறியப்பட்டு, 1977 முதல் 800 மைல் நீளக் குழாயூடாகத் தெற்கே செல்கிறது. 1980இற் சரணாலயத்தை விரித்த சட்டமே, கரையோரத்தில் 15 இலட்சம் ஏக்கரைப் பற்றிய தீர்ப்பைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. 2017இல் அமெரிக்கப் பாராளுமன்றம் குத்தகைக்கு வழிவிட்டது. 2021 ஜனவரியில் நடந்த முதல் ஏலத்திற் கேட்டோர் சிலரே. 2025 ஜனவரியில் நடந்த இரண்டாம் ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஆட்சி மாறுந்தோறும் தீர்மானமும் மாறி வருகிறது.

இதனை நல்லோர்க்கும் தீயோர்க்கும் நடந்த போராகச் சித்திரிப்பது எளிது. ஆயின் உண்மை அவ்வாறன்று. மானையே உணவாகவும் மரபாகவும் கொண்ட குவிச்சின் மக்கள் 1988இல் ஒன்றுகூடி, கன்றீனும் நிலத்தைக் காப்பதெனத் தீர்மானித்தனர். உயிர் தொடங்கும் புனித இடம் என்பது அதற்கு அவர் இட்ட பெயர். கடலோரத்துக் கக்ரோவிக் ஊரிலே வாழும் இனுப்பியாற் மக்களுட் பலரோ, எண்ணெயால் வரும் வருவாய் பாடசாலைக்கும் வைத்தியத்துக்கும் வேண்டும் என்பர். பெற்றோல் எரித்துப் பறந்து சென்று அம்மானைக் கண்டு மகிழ்ந்த நாம், அவர்களுக்குப் புத்தி சொல்லத் தகுதியுடையவரல்லேம். எனினும் எம் அபிப்பிராயத்தை மறைப்பானேன்? எண்ணெய் பிற இடங்களிலும் உண்டு. அம்மந்தைக்கு அதனினும் நல்ல கன்றீனுமிடம் வேறில்லை.

எட்டாம் நாள் விமானம் வரவேண்டியது. அன்று விடியலில் (விடியல் என்பதும் அங்கே பெயரளவே) வடகடலிலிருந்து மூடுபனி பள்ளத்தாக்கை நிறைத்தது. கூடாரத்திலிருந்து ஆறு தெரியவில்லை. செய்மதித் தொலைபேசியில் விமானியின் விடை ஒன்றே: மேகம் விலகட்டும். எம்முடன் வந்த எழுபது வயதினர் ஒருவர் தம் நீரிழிவு மருந்தை எடுத்துக் கூடாரவாயிலில் வைத்து எண்ணினார். ஐந்து நாளுக்கு இருந்தது. வழிகாட்டி உணவுப் பீப்பாக்களை விரித்து வைத்துப் பங்கிட்டார். காலையிற் கஞ்சி, மாலையிற் சோறு, நண்பகலில் தேநீர் மாத்திரம். ஒன்பதாம் நாளும் அவ்வாறே கழிந்தது. சோற்றுக்குத் துணையாக வேறொன்றும் இல்லாத அந்நிலையில், தமக்கையாரின் ஊறுகாயை அமெரிக்கர் மூவரும் கண்ணீர் மல்க உண்டதையும், மறுநாளும் கேட்டதையும் அவருக்கு எழுதியிருக்கிறோம். அம்முதியவர் அன்றிரவு மீண்டும் எண்ணினார். நாம் பார்க்காததுபோல் இருந்தோம்.

பத்தாம் நாட் பிற்பகல், மலையிடுக்கிலே நீலவானம் ஒரு பாய் அகலத்துக்குத் திறந்தது. ஒரு மணி நேரத்திற்குப் பின் இயந்திர ஒலி கேட்டது. முதியவரையும் இன்னும் இருவரையும் முதலில் ஏற்றினோம்.

ஆர்க்டிக் வில்லேஜில் பெயார்பாங்ஸ் விமானத்துக்காகக் காத்திருந்தபோது, வயது முதிர்ந்த குவிச்சின் மாது ஒருவர் நான்குசில்லு வண்டியில் வந்து எம்மருகே நிறுத்தினார். எங்கிருந்து வருகிறீர்கள், எந்நாட்டவர் என்றெல்லாம் கேட்கவில்லை. "மான் கண்டீர்களா?" என்றார். கண்டோம் என்றோம். எத்தனை, எந்த நாள், கன்றுகள் இருந்தனவா, எப்பக்கம் பார்த்து நடந்தன என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கிழக்குச் சரிவால் இறங்கி, ஆற்றைக் கடந்து, தெற்கு நோக்கிச் சென்றன என்று நிலத்திலே குச்சியாற் கீறிக் காட்டினோம். கன்றுகள் மிகுதி என்றதும் தலையசைத்தார். பின்னர் கூரையோரத்தில் நின்ற பேரனைக் கூப்பிட்டு, தம் மொழியிலே அவனுக்கு ஏதோ கூறினார். அவன் ஊருக்குள் ஓடினான்.